எந்தப் பெட்டியை வாங்குவது? கன்சோல், பிசி, விஆர் கேள்வி பதில்

கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து ஒரே பதிலாகச் சொல்லியிருக்கிறேன். "இன்னிக்கு என்ன ரேட்?" என்று கேட்டவர்கள் கடைக்கே ஒரு போன் போடுங்கள். நான் சர்வீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன், விற்பவன் இல்லை.

கையில எழுபதாயிரம் இருக்கு அண்ணா. பிஎஸ்5 வாங்கவா, பிசி அசெம்பிள் பண்ணவா? ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பிசிதான் கெத்துங்கறாங்க. (கோவை)

வீட்டில் நல்ல டிவி இருக்கிறதா தம்பி? அதைச் சொல்லவே இல்லையே. 4கே டிவி ஏற்கெனவே இருந்தால், சோனியின் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) காட்டும் படத்தை அந்தப் பணத்துக்குள் பிசியில் கொண்டுவருவது சிரமம். பிஎஸ்5இல் பிராசஸரும் கிராஃபிக்ஸும் ஒரே 16 ஜிபி நினைவகத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. கோடிக்கணக்கான வீடுகளில் இருப்பது அதே வன்பொருள் என்பதால், கேம் செய்பவர்கள் அதை அளந்து அளந்து பிழிவார்கள். பிசி என்றால் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், விண்டோஸ், யுபிஎஸ் என்று பட்டியல் வளரும். போதாததற்கு, 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போனதில் ரேம் விலை எகிறிவிட்டது.

ஆனால் வாங்கும் நாள் செலவோடு கணக்கை நிறுத்தாதீர்கள். பிஎஸ்5இல் ஆன்லைனில் ஆட பிஎஸ் பிளஸ் சந்தா கட்ட வேண்டும் (ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேம்களுக்கு மட்டும் தேவையில்லை). பிசி கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் அந்தச் சந்தாவே கிடையாது. விலை ரூபாயில் இருக்கும், சேல் அடிக்கடி வரும். வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குள் என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பிஎஸ்5 பக்கம் இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, டிஸ்க். ஆடி முடித்ததும் விற்றுவிடலாம், அல்லது அடுத்த வீட்டுப் பையனோடு மாற்றிக்கொள்ளலாம். டிஸ்க் போட இடமில்லாத டிஜிட்டல் மாடல் வாங்கினால் அந்த வழி அடைபடும். ஸ்லிம் வகையில் டிஸ்க் டிரைவைப் பின்னால் தனியாக வாங்கி மாட்டலாம் என்பது ஒரு ஆறுதல்.

பெட்டி ஆறேழு வருடம் ஓடும். வாங்கிய கேம்களோ எந்தக் கடைக் கணக்கில் இருக்கின்றனவோ அங்கேயேதான் கிடக்கும். அதனால் பெட்டியைப் பார்ப்பதற்கு முன் அதற்குள் இருக்கும் கடையைப் பாருங்கள். கதை கேம், கால்பந்து, சோபாவில் இரண்டு பேர் என்றால் பிஎஸ்5 டிஸ்க் மாடல். கவுன்டர்-ஸ்டிரைக் 2, டோட்டா 2 என்றால் யோசிக்கவே வேண்டாம், அவை பிசியில்தான் இருக்கின்றன.

இன்னும் ஒரு வருஷம் பொறுத்தால் பிஎஸ்5 விலை இறங்குமா? (மதுரை)

பழைய காலத்தில் இறங்கும். இந்தத் தலைமுறை தலைகீழ். 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் மாடல் 49,990 ரூபாய். பிறகு அதுவே 54,990 ஆனது. அமெரிக்காவிலும் 2025இல் 50 டாலர் ஏற்றினார்கள். பண்டிகைச் சலுகைக்குக் காத்திருங்கள், சரி. தானாக விலை விழும் என்று காத்திருக்காதீர்கள்.

ஹாஸ்டலில் இருக்கிறேன், லேப்டாப்தான் முடியும். ஆர்டிஎக்ஸ் 4060 போட்ட இரண்டு மாடல், விலையில் பதினைந்தாயிரம் வித்தியாசம். ஏன்? (திருச்சி)

பெயர் ஒன்று, சரக்கு வேறு. 4060 என்பது என்விடியாவின் கிராஃபிக்ஸ் சிப். லேப்டாப் 4060க்கு அந்தக் கம்பெனி அனுமதிக்கும் மின்சாரம் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. எவ்வளவு கொடுப்பது என்பதை லேப்டாப் கம்பெனி முடிவு செய்யும். ஒல்லியான, அழகான மாடலில் குறைவாகக் கொடுப்பார்கள், சூட்டை வெளியேற்ற இடம் இருக்காது. 60 வாட் 4060யும் 115 வாட் 4060யும் ஒரே கேமை ஒரே வேகத்தில் ஓட்டாது. டிஜிபி (TGP, கிராஃபிக்ஸுக்குக் கொடுக்கும் வாட்) எவ்வளவு என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் கம்பெனி இணையதளத்தில் அந்த மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். வாங்கிய பிறகு மெத்தை மேல் வைத்து ஆடாதீர்கள். என்னிடம் வரும் லேப்டாப்களில் பாதி பஞ்சு உறிஞ்சியவை.

ஸ்டீம் டெக் வாங்கினால் வேலோரன்ட் ஆடலாமா? (பெங்களூரு)

ஆட முடியாது. டெக் என்பது கையில் பிடித்து ஆடும் சின்ன பிசி, வால்வ் கம்பெனி செய்வது. அதில் இருப்பது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். வேலோரன்டின் ஏமாற்றுத் தடுப்பு விண்டோஸின் அடிவயிறு வரை இறங்கி உட்காரும், லினக்ஸில் அதற்கு இடமில்லை. ஃபோர்ட்நைட்டும் அதே கதை. தனியாள் ஆடும் கேம்களுக்கு டெக் அருமையான கருவி. ஆனால் இந்தியாவில் வால்வ் நேரடியாக விற்பதில்லை, பழுது வந்தால் வாரன்டிக்கு அலைய வேண்டும்.

அண்ணை, மாமா லண்டனில இருந்து பிஎஸ்5 கொண்டு வாறார். இஞ்ச வேலை செய்யுமோ? (யாழ்ப்பாணம்)

செய்யும் தம்பி. அதன் பவர் சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். எந்த நாட்டு கேம் டிஸ்க்கையும் படிக்கும். கவனிக்க வேண்டியது கணக்கைத்தான். பிளேஸ்டேஷன் கணக்குத் தொடங்கும்போது நாட்டைக் கேட்கும், பட்டியலில் இலங்கை இல்லை. வேறொரு நாட்டைத் தெரிவு செய்தால் பிறகு மாற்ற முடியாது. அந்த நாட்டுக் கடையில் பணம் கட்ட உங்களுக்கு எது வசதி என்று முதலில் யோசியுங்கள். லண்டன் டிஸ்க்குக்கு இந்தியக் கணக்கில் கூடுதல் பகுதி வாங்கினால் பெரும்பாலும் ஒட்டாது. டிஸ்க்கும் கணக்கும் ஒரே பிராந்தியமாக இருப்பது நல்லது.

விஆர் போட்டால் பத்து நிமிடத்தில் குமட்டுகிறது. எனக்கு ஒத்துக்கொள்ளாதா? (சென்னை)

கண்ணை மூடித் தலையில் மாட்டும் அந்த ஹெட்செட்டை முதலில் எங்கே போட்டுப் பார்த்தீர்கள்? மாலில் ரோலர் கோஸ்டர் காட்டினார்கள் என்றால் குற்றம் உங்கள் மேல் இல்லை. விஆரை அறிமுகப்படுத்த அதைவிட மோசமான வழி கிடையாது.

கண் "ஓடுகிறோம்" என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "உட்கார்ந்திருக்கிறோம்" என்கிறது. மூளை குழம்பி வயிற்றைப் பிரட்டுகிறது. பஸ்ஸில் புத்தகம் படித்தால் வருவதும் இதே முரண்தான், திசை மட்டும் எதிர். ஆகவே ஆள் நின்ற இடத்திலேயே நிற்கும் கேமில் தொடங்குங்கள். பீட் சேபர் நல்ல ஆரம்பம். ஹாஃப்-லைஃப்: அலிக்ஸில் நடப்பதற்குப் பதில், குறித்த இடத்துக்குத் தாவும் முறை உண்டு, அதைப் போடுங்கள். எதிரே ஒரு மேசை விசிறி வையுங்கள். காற்று படும் பக்கம் எது என்று உடம்புக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். நெற்றி வியர்க்க ஆரம்பித்ததும் கழற்றிவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினால் அடுத்த முறை ஹெட்செட்டைப் பார்த்தாலே குமட்டும்.

கருவி பக்கமும் பார்க்க வேண்டும். 90 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 90 படம் என்ற வேகத்தில், ஒவ்வொரு படத்தையும் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 11 மில்லி விநாடிக்குள் வரைந்தாக வேண்டும். டிவியில் விநாடிக்கு 30 பிரேமில் (படத்தில்) கதை கேம் ஆடும்போது 33 மில்லி விநாடி கிடைக்கிறது. டிவியில் பிரேம் விழுந்தால் எரிச்சல், விஆரில் விழுந்தால் வாந்தி. பிசியோடு இணைத்து ஆடுபவர்கள் கிராஃபிக்ஸ் அளவைத் தயங்காமல் குறையுங்கள். மெட்டாவின் ஹெட்செட்டான குவெஸ்டைக் கம்பியில்லாமல் இணைத்திருந்தால், பிசிக்கும் ரவுட்டருக்கும் நடுவிலாவது கேபிள் போடுங்கள்.

இன்னொன்று, கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரம். குவெஸ்ட் 3எஸ்ஸில் 58, 63, 68 மில்லி மீட்டர் என்று மூன்றே படிகள். குவெஸ்ட் 3இல் சக்கரத்தைத் திருகி நுணுக்கமாக வைக்கலாம். உங்கள் அளவு இரண்டு படிகளுக்கு நடுவில் விழுந்தால் 3எஸ் தலைவலி தரக்கூடும். கண்ணாடிக் கடையில் அளந்து சொல்வார்கள்.

ஹாலில் இடமில்லை. மொட்டை மாடியில் விஆர் ஆடலாமா? (தஞ்சாவூர்)

ஐயோ, வேண்டாம். லென்ஸ் வழியாக வெயில் உள்ளே போனால் திரையில் புள்ளி புள்ளியாகப் பொசுங்கிவிடும், அதைச் சரிசெய்ய முடியாது. ராத்திரி போகலாம் என்றால் கேமராவுக்கு வெளிச்சம் போதாது. கைப்பிடிச் சுவரைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். கட்டிலை நகர்த்தி இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் எடுங்கள். ஃபேன் தாழ்வாக இருந்தால் நிறுத்திவிட்டு ஆடுங்கள்.

என் மகனுக்கு எட்டு வயது. குவெஸ்ட் கேட்கிறான். (சேலம்)

வேண்டாம் சகோதரி. மெட்டா சொல்லும் குறைந்தபட்ச வயதே 10, அதுவும் பெற்றோர் கண்காணிக்கும் கணக்கில். பிஎஸ்5இல் மாட்டும் ஹெட்செட்டான பிஎஸ் விஆர்2க்கு சோனி சொல்வது 12. பட்ஜெட் இருந்தால் நின்டெண்டோ ஸ்விட்ச் பாருங்கள். இந்தியாவில் நின்டெண்டோ நேரடியாக விற்பதில்லை, இறக்குமதிதான். ஆனால் கார்ட்ரிட்ஜ் எந்த நாட்டதும் ஓடும், நீங்களும் கூட உட்கார்ந்து ஆடலாம்.

எச்பி ரிவர்ப் ஜி2 பழசு ரொம்ப மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா? (சென்னை)

ஏன் மலிவு என்று விற்பவரிடம் கேட்டீர்களா? அது விண்டோஸ் மிக்ஸட் ரியாலிட்டி என்ற மைக்ரோசாஃப்ட் மென்பொருளை நம்பி இருந்த ஹெட்செட். 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் அதைத் தூக்கிவிட்டது. வந்து நான்கே வருடம் ஆன, நல்ல லென்ஸ் உள்ள கருவி ஒரு அப்டேட்டில் அனாதையானது. பிறகு வெளியிலிருந்து ஒரு டிரைவர் வந்தது, என்விடியா கார்டுகளுக்கு மட்டும். நோண்டிப் பார்ப்பதில் ஆர்வம் உண்டென்றால் எடுங்கள். மாட்டியதும் ஆட வேண்டும் என்றால் வேண்டாம். விஆரில் இந்த ஆபத்து கன்சோலைவிட அதிகம். எக்கோ விஆர் என்று கூட்டமாக ஆடும் ஒரு கேம் இருந்தது, 2023 ஆகஸ்டில் மெட்டா சர்வரை நிறுத்தியதும் போயே போய்விட்டது.

பிஎஸ்5 இருக்கிறது. பிஎஸ் விஆர்2 வாங்கவா, குவெஸ்ட் 3ஆ? (சிங்கப்பூர்)

திரை மட்டும் என்றால் பிஎஸ் விஆர்2. ஓஎல்இடி, கருப்பு கருப்பாகவே தெரியும். கார் பந்தயத்துக்கு அதை அடிக்க ஆள் இல்லை. ஆனால் கேபிள் தொங்கும், கேம் வரவு மெலிந்துவிட்டது. குவெஸ்ட் தனியாகவே ஓடும், பிசியோடும் சேரும். 2024 முதல் அடாப்டர் போட்டு விஆர்2வையும் பிசியில் மாட்டலாம் என்றாலும், கண் அசைவைத் தொடரும் வசதி அங்கே வராது. நான் குவெஸ்ட் பக்கம்.

கரன்ட் போனால் இன்வெர்ட்டரில் பிஎஸ்5 ஓடுமா? (திருநெல்வேலி)

ஆடும்போது ஏறக்குறைய 200 வாட் இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டர் தாங்கும். இன்வெர்ட்டரின் பின்பக்கம் யுபிஎஸ் மோடுக்கு ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போடுங்கள். இல்லையென்றால் மாறும் இடைவெளியில் அணைந்துவிடும். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில் பிஎஸ்5ஐ ரெஸ்ட் மோடில் (அரைத் தூக்கத்தில்) விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், முழுக்க அணையுங்கள்.

எக்ஸ்பாக்ஸைப் பற்றி ஏன் பேச்சே இல்லை? (ஈரோடு)

கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். மைக்ரோசாஃப்ட் தன் கேம்களை முதல் நாளே பிசியிலும் விடுகிறது. 2025இல் ஃபோர்ஸா ஹொரைசன் 5 பிஎஸ்5க்கே வந்துவிட்டது. பிசி வைத்திருப்பவருக்கு எக்ஸ்பாக்ஸ் பெட்டி எதற்கு? எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் மாடல் பழசாக நல்ல விலைக்கு வந்தால், டிஸ்க் போட இடமில்லை, நினைவகம் 10 ஜிபிதான் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.