குழாய்க்குள் யார் போகலாம்?

கேள்வி: சாலை போடும்போதே ஃபைபர் (ஒளியிழை) கேபிளுக்கான குழாயையும் பதித்துவிட்டால் திரும்பத் திரும்பத் தோண்டும் தொல்லை ஒழியும், இணையமும் எல்லோருக்கும் மலிவாகிவிடும். இவ்வளவு எளிய வேலையை விட்டுவிட்டு, 'திறந்த இணையம்' (எந்தத் தளத்துக்கும் பாரபட்சம் கூடாது), 'சமவாய்ப்பு' என்று சட்டம் பேசிக்கொண்டிருப்பது ஏன்? செயற்கைக்கோள் இணையம் வந்த பிறகு மண்ணைத் தோண்டுவதே வீண் அல்லவா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். இப்போது பெரிதாகப் பேசப்படும் இணையச் செயற்கைக்கோள்கள் சுமார் 500 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன, ஒவ்வொன்றின் ஆயுளும் ஏறத்தாழ 5 ஆண்டு. மலைக்காடு, சிறு தீவு, நடுக்கடல் கப்பல் ஆகியவற்றுக்கு அது பெரிய வரம். ஆனால் ஒரு செயற்கைக்கோள் தரும் திறனை அதன் பார்வைக்குள் இருக்கும் அத்தனை பேரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். நெரிசலான நகரத்தில் அந்தப் பங்கு கட்டாது. வேகமான 5ஜி கோபுரத்துக்கும் அடியில் ஃபைபர் வேண்டும். கண்டம் விட்டுக் கண்டம் போகும் தரவில் 95 சதவீதத்துக்கு மேல் கடலடிக் கேபிளில்தான் போகிறது. மண்வெட்டிக்கு இப்போதைக்கு ஓய்வில்லை.

இனி குழாய். நீங்கள் சொல்வதில் பாதி சரி. ஃபைபர் வலைப்பின்னல் அமைக்கும் செலவில் பெரும்பங்கு, சில கணக்குகளில் 80 சதவீதம் வரை, பள்ளம் தோண்டி மூடி, மேலே பழையபடி சாலை போடுவதற்கே போய்விடுகிறது. ஏற்கெனவே திறந்து கிடக்கும் பள்ளத்தில் கூடுதலாக ஒரு குழாய் போடுவதற்கு ஆவது சொற்பம். அமெரிக்காவில் 2012 ஜூனில் இதை ஊக்குவித்து அதிபர் ஆணையே வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் நெறிமுறை வகுத்து, 2024இல் அதை நேரடிச் சட்டமாக்கியது. 'எளிய வேலை' என்கிறீர்களே, அந்த இடத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை.

சாலை ஒப்பந்ததாரருக்குக் குழாய் என்பது வெறும் மீட்டர் கணக்கு. பதித்தார், அளந்தார், பில் போட்டார். சில ஆண்டு கழித்துக் கேபிள் விட வருகிறவர்தான் அதன் லட்சணத்தைக் கண்டுபிடிக்கிறார். பரவலாகப் பயன்படுவது வெளிவிட்டம் 40 மி.மீ., உள்விட்டம் 33 மி.மீ. உள்ள எச்.டி.பி.ஈ. என்ற கெட்டிப் பிளாஸ்டிக் குழாய். நீண்ட தூரத்துக்கு அதில் கேபிளைக் கயிறு கட்டி இழுப்பதில்லை. கம்ப்ரசர் வைத்து 10 பார் (வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு) அல்லது அதற்கு மேலான அழுத்தத்தில் காற்றோடு ஊதிச் செலுத்துகிறார்கள். பாதை நேராகவும் இணைப்புகள் இறுக்கமாகவும் இருந்தால் ஒரே மூச்சில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடும். நடுவில் ஒரு கப்ளர், அதாவது இரண்டு குழாய்களை இணைக்கும் மூட்டு, கசிந்தால் காற்று அங்கேயே வெளியேறி, கேபிள் பாதியில் நின்றுவிடும். குழாயை அறுத்த முனையில் பிசிறை நீக்காமல் கப்ளரில் செருகியிருப்பார்கள். திருப்பத்தில் அகல வளைக்காமல் சட்டென்று மடக்கியிருப்பார்கள். கூர்கல் கலந்த மண்ணை நேரே மேலே கொட்டி நசுக்கியிருப்பார்கள். முனையை மூடாமல் விட்டதால் சேறு புகுந்திருக்கும். அடைப்பு எந்த இடத்தில் என்று தேடி, புத்தம்புதுச் சாலையை மறுபடி தோண்டுவார்கள்.

ஆகவே டெண்டரில் 'குழாய் பதிக்கப்படும்' என்ற ஒற்றை வரி எதற்கும் உதவாது. குழாயைச் சுற்றி மணலோ சலித்த மண்ணோ இட வேண்டும். அதற்கு 30 செ.மீ. மேலே எச்சரிக்கை நாடா ஓட வேண்டும். நகரத்தில் 150 முதல் 200 மீட்டருக்கு ஒன்றாகவும், ஒவ்வொரு சந்திப்பிலும் கேபிள் தொட்டி வேண்டும். கூடவே ஒரு செம்புக் கம்பி ஓட வேண்டும். வெறும் பிளாஸ்டிக் குழாயை மேலிருந்து கருவி வைத்துக் கண்டுபிடிப்பது சிரமம், செம்பு இருந்தால் கருவி காட்டிக்கொடுக்கும். பிறகு சோதனை. உள்விட்டத்தில் ஏறக்குறைய 80 சதவீத அளவுள்ள ஒரு கட்டையை ஒரு முனையில் ஊதினால் மறுமுனையில் வெளியே வந்து விழ வேண்டும். அடுத்து, காற்றை அடைத்து அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் தார் போடுவதற்கு முன்பே நடக்க வேண்டும், இரண்டும் தேறும்வரை பில்லில் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்பட வேண்டும். பணம் கொடுத்த பிறகு நடக்கும் சோதனையில் எல்லாக் குழாயும் தேறிவிடும்!

எண்ணிக்கையிலும் கஞ்சத்தனம் கூடாது. ஒரே குழாய் என்றால் முதலில் வந்தவருக்கே அது சொந்தம். பிரதான சாலையில் குறைந்தது நான்கு போட்டு, ஒன்றை எப்போதும் காலியாக வைக்க வேண்டும். கேபிள் பழுதானால் புதியதைக் காலிக் குழாயில் ஓட்டி, இணைப்பை மாற்றிய பிறகு பழையதை உருவிவிடலாம், சேவை நிற்காது.

வரைபடம் இன்னொரு தலைவலி. வேலை தொடங்குமுன் வரைந்த திட்டப்படத்தையே தேதி மாற்றி, 'பதித்தபடி' வரைபடம் என்று கொடுத்துவிடும் பழக்கம் உண்டு. பள்ளத்தை மூடுவதற்கு முன் அளந்த ஆழம், சாலை விளிம்பிலிருந்து தூரம், ஜி.பி.எஸ். குறியீடு ஆகிய மூன்றும் ஒரே பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும். துறைக்கு ஒரு கோப்பு என்று வைத்திருந்தால், குடிநீர்க் குழாய்க்குத் தோண்டும் இயந்திரம்தான் உங்கள் ஃபைபரை முதலில் கண்டுபிடிக்கும்.

இத்தனையும் ஒழுங்காக நடந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். இப்போது சட்டத்துக்கு வருகிறேன். பல நகரங்களில், புதுச் சாலையைக் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு யாரும் தோண்டக் கூடாது என்று தடை உண்டு. நல்ல விதிதான். ஆனால் மண்ணுக்குள் இருக்கும் குழாய் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தால் என்ன ஆகும்? போட்டியாளர் தோண்டவும் முடியாது, உள்ளே நுழையவும் முடியாது. சாலையைக் காப்பாற்றப் போட்ட விதி, அந்த நிறுவனத்துக்கு அரசே எழுதிக்கொடுத்த ஏகபோகப் பட்டாவாகிவிடும். 'ஒரே முறை தோண்டு' என்ற கொள்கை, 'எல்லோரையும் உள்ளே விடு' என்ற கொள்கை இல்லாமல் வந்தால் முன்பைவிட மோசம். முன்பு சாலைதான் கெட்டது. இப்போது போட்டியும் கெடும்.

திறந்துவிட்டவர்களும் உண்டு. ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமின் நகராட்சி 1994இல் ஸ்டோகாப் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. அது வீடுகளுக்கு இணையச் சேவை விற்பதில்லை. வெறும் ஃபைபரை, கருவி பொருத்தாமல், கேட்பவர் எல்லோருக்கும் ஒரே நிபந்தனையில் வாடகைக்கு விடுகிறது. ஸ்பெயினில் 2009 முதல் பழைய தொலைபேசி நிறுவனம் தன் குழாய்களைப் போட்டியாளருக்குத் திறந்துவிட வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயப்படுத்தியது. இன்று ஐரோப்பாவில் வீடுவரை ஃபைபர் மிக அதிகமாகப் போயிருக்கும் நாடுகளில் அது ஒன்று. குழாயைத் திறந்ததுதான் முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன். அது இல்லாமல் நடந்திருக்காது என்பேன்.

திறப்பது என்றால் என்ன? வாடகை வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டும், பராமரிப்புச் செலவை ஒட்டி இருக்க வேண்டும். மனு போட்டவருக்குக் கெடுவுக்குள் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் எழுத வேண்டும். 2014 ஐரோப்பிய நெறிமுறை இதற்கு இரண்டு மாதம் கொடுத்தது. 'எங்களுக்கு மட்டும்' என்ற குத்தகை செல்லாது. பிடித்துவைத்துக்கொண்டு கேபிள் போடாதவரிடமிருந்து இடத்தைத் திரும்பப் பெற வேண்டும், செத்த கேபிளை அதன் சொந்தக்காரரே உருவி எடுக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை எழுத மறப்பதால்தான் காலிக் குழாய்கள் நிரம்பிப்போகின்றன. உள்ளாட்சிகள் குழாய் வாடகையைக் கஜானா நிரப்பும் வழியாகப் பார்ப்பதும் தவறு. அங்கே ஏற்றும் தொகை சந்தாதாரர் தலையில்தான் வந்து விழும்.

பொதுப்பணத்தை எதில் போடுவது என்பதற்கும் ஆயுளே அளவுகோல். குழாய் 50 ஆண்டுக்கு வரும், ஃபைபர் 25 ஆண்டுக்குக் குறையாது, முனைகளில் இருக்கும் மின்னணுக் கருவி பத்து ஆண்டு தாண்டுவதே அபூர்வம். நொடிக்கு 2.5 ஜிகாபிட் தந்த ஜிபான் என்ற பழைய வகைக் கருவியைக் கழற்றி 10 ஜிகாபிட் கருவியை மாட்டினால், அதே ஃபைபரே சுமக்கிறது. நடுவில் ஒளியைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம். ஆகவே குழாயையும் முடிந்தால் ஃபைபரையும் பொதுவில் வைத்துக்கொண்டு, கருவியை நிறுவனங்கள் மாற்றிக்கொள்ளட்டும் என்று விடுவது நல்லது.

குழாய் திறந்துவிட்டால் இணையம் தானாகத் திறந்துவிடுமா? இல்லை. எத்தனை நிறுவனம் இருந்தாலும், உங்கள் வீட்டுக்கு இணைப்புக் கொடுத்தவர்தான் உங்களை அடைய விரும்பும் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரே வாசல். அந்த வாசலில் சுங்கம் கேட்க ஆசை வரும். தென்கொரியா 2016இல் நிறுவனங்களுக்கிடையே, தரவை அனுப்புபவர் பணம் தர வேண்டும் என்று விதி செய்தது. அதன் பின் இணைப்புக் கட்டணம் பெரும் வழக்காகி, மற்ற நாடுகளைவிடப் பல மடங்கு செலவாகிறது என்று சொல்லி நேரலைக் காணொளித் தளமான ட்விட்ச் 2024 பிப்ரவரியில் அங்கே கடையை மூடியது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 பிப்ரவரியில், பார்க்கும் தளத்தைப் பொறுத்துத் தரவுக் கட்டணத்தை மாற்றுவதைத் தடைசெய்தது. தளங்களுக்கிடையே பாரபட்சம் கூடாது என்று சிலி 2010லேயே சட்டம் போட்டுவிட்டது. அமெரிக்காவிலோ தொலைத்தொடர்பு ஆணையத்தின் இதேபோன்ற விதி 2015இல் வந்தது, 2017இல் போனது, 2024இல் திரும்ப வந்தது, 2025 ஜனவரியில் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆணையத்தின் கையில் மட்டும் விட்டால் இப்படித்தான்; நாடாளுமன்றம் சட்டமாகவே எழுத வேண்டும்.

அடுத்து ஒரு சாலை டெண்டர் உங்கள் கண்ணில் பட்டால், நிபந்தனைப் பகுதியில் மூன்றைத் தேடுங்கள்: தார் போடுமுன் குழாய்ச் சோதனை, பதிவேட்டை யார் வைத்திருப்பார், வாடகை விதி எங்கே வெளியாகும். இல்லையென்றால் கருத்துச் சொல்லும் கெடுவுக்குள் எழுதிப் போடுங்கள். கையெழுத்தான பிறகு சேர்க்கும் ஒவ்வொரு வரிக்கும் ஒப்பந்ததாரர் தனியாக விலை கேட்பார்.