ஊராட்சித் தலைவரை மிரட்டி வேலை செய்யவிடாமல் தடுத்தால் என்ன செய்வது? தூய்மைப் பணியாளர்களின் சம்பளப் பாக்கியை எப்படி வாங்குவது?

கேட்டவர் இவற்றை இரண்டு தனிக் கேள்விகளாக வைத்திருக்கிறார். ஆதிதிராவிடப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சி, தலைவரைச் சாதி சொல்லித் திட்டுகிறார்கள் என்பது ஒன்று. தூய்மைப் பணியாளர்களுக்கு மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை என்பது இன்னொன்று. தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சியில் இந்த இரண்டும் பெரும்பாலும் ஒரே காசோலையில் போய் முட்டும். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, பிரிவு 188(3)-இன்படி ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தலைவரை ஊர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்தப் பதவிக்கு ஒதுக்கீடு கிடையாது. தலைவர் பதவியை ஒதுக்கீட்டால் இழந்த தரப்பு துணைத்தலைவர் நாற்காலியைப் பிடிப்பது இப்படித்தான். அதன்பிறகு கத்தவோ கை ஓங்கவோ தேவையில்லை. கையெழுத்துப் போடாமல் இருந்தாலே போதும். மோட்டார் காயில் கருகினால் சரிசெய்ய முடியாது, தெருவிளக்கு மாற்ற முடியாது, குடிநீர்த் தொட்டியை இயக்கும் டேங்க் ஆபரேட்டருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் சம்பளம் நிற்கும். பணியாளர்கள் வந்து நிற்பது துணைத்தலைவர் வீட்டு வாசலில் அல்ல, தலைவர் வீட்டு வாசலில். அவமானப்படுத்துபவருக்குத் தன் வாயைக்கூடத் திறக்க வேண்டியதில்லை.

இதை உடைக்க எழுத்து வேண்டும். "போன்ல நாலு தடவை சொன்னேன்" என்பது எங்கும் நிற்காது. சம்பளப் பட்டியல், வருகைப் பதிவேடு, செலவுச் சீட்டு மூன்றையும் இணைத்து, குறிப்பிட்ட தேதிக்குள் கையெழுத்திடுமாறு துணைத்தலைவருக்குக் கடிதம் கொடுங்கள். நேரில் வாங்க மறுத்தால் ஒப்புகையோடு அஞ்சலில் அனுப்புங்கள். அடுத்து, ஊராட்சிக் கூட்டத்தில் சம்பளத்தைத் தனிப் பொருளாக வைத்துத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். மற்ற செலவுகளோடு ஒரே தீர்மானத்தில் சேர்த்தால், ஏதோ ஒரு குழாய் வேலைக் கணக்கில் சந்தேகம் என்று சொல்லிச் சம்பளத்தையும் சேர்த்தே நிறுத்துவார்கள். துணைத்தலைவர் இல்லாதபோது கூட்டம் அதிகாரம் அளிக்கும் வேறொரு உறுப்பினர் கையெழுத்திடலாம் என்று சட்டம் சொல்கிறது. ஊரில் இருந்துகொண்டே மறுப்பது 'இல்லாதபோது' ஆகுமா என்பதில் தணிக்கையில் கேள்வி வரும். அதனால் அந்த வழியை நீங்களாகவே எடுக்காமல், தீர்மான நகலோடு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (கிராம ஊராட்சி) எழுதி, உதவி இயக்குநருக்கும் (ஊராட்சிகள்) ஆட்சியருக்கும் நகல் அனுப்புங்கள். ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர், அதாவது அவற்றை மேற்பார்வையிடும் அதிகாரி.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. இப்படிப்பட்ட தகராறுகளில் ஆட்சியர்கள் வழக்கமாகக் கையிலெடுப்பது பிரிவு 203, அதாவது அவசர கால அதிகாரம். அதன் பேரில் வரும் உத்தரவு பல நேரம் தலைவர், துணைத்தலைவர் இருவரின் கையெழுத்து அதிகாரத்தையும் நிறுத்திவைத்து, வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுத்துவிடும். முறையிட்டவரே அதிகாரத்தை இழப்பார், மறுத்தவருக்கு அதுவே வெற்றி. ஆகவே மனுவில் பொதுவாக "தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று எழுதாதீர்கள். "துணைத்தலைவருக்குப் பதிலாக இன்ன உறுப்பினரைக் கையெழுத்திட அனுமதிக்க வேண்டும், தலைவரின் அதிகாரத்தில் குறைபாடு எதுவும் சொல்லப்படவில்லை" என்று கேட்பதைக் குறிப்பாகக் கேளுங்கள்.

இணையவழிப் பணப் பரிமாற்றத்துக்கும் ஓர் எச்சரிக்கை. டிஜிட்டல் கையொப்பச் சாவியும் ஓடிபி வரும் செல்பேசியும் தலைவரிடமே இருக்க வேண்டும். செயலரின் மேசை இழுப்பறையிலோ கணவரின் சட்டைப் பையிலோ இருந்தால், நாளை வரும் முறைகேட்டுக் குற்றச்சாட்டு தலைவர் பெயரில்தான் வரும்.

இனி வசவும் மிரட்டலும். தலைவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராக இருந்து, எதிர்த்தரப்பு அப்படி இல்லையென்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989 பொருந்தும். பலரும் பிரிவு 3(1)(ஆர்), 3(1)(எஸ்) இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். முதலாவது பொதுப் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது, இரண்டாவது சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது. இந்தச் சிக்கலுக்கென்றே 2015 திருத்தத்தில் தெளிவாக எழுதப்பட்ட பிரிவு 3(1)(எம்). ஊராட்சி அல்லது நகராட்சியின் உறுப்பினர், தலைவர், பிற பதவியாளரை அவரது கடமையைச் செய்யவிடாமல் கட்டாயப்படுத்துவது, மிரட்டுவது, தடுப்பது இதில் குற்றம். சாதிப் பெயரை உச்சரித்தார் என்று இதற்குக் காட்ட வேண்டியதில்லை. நாற்காலியில் உட்காரவிடாதது, அலுவலகச் சாவியைத் தராதது, கொடியேற்றவிடாதது எல்லாம் இதன்கீழ் வரக்கூடியவை. தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை, அபராதமும் உண்டு.

காவல் நிலையத்தில் வழக்கமாக நடப்பது வேறு. வழக்குப் பதியாமல், மனு வந்தது என்பதற்கு மட்டும் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து "பேசி முடிச்சுக்கலாம்" என்பார்கள். அல்லது பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 296(பி), 351(2) என்று ஆபாச வசவும் மிரட்டலும் மட்டும் போட்டு வன்கொடுமைப் பிரிவை விட்டுவிடுவார்கள். பிரிவு 18ஏ-இன்படி, இந்தச் சட்டத்தில் முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. பிரிவு 4-இன்படி, வாய்மொழியாகச் சொன்னதை எழுதி, வாசித்துக் காட்டி, அதன்பிறகே கையெழுத்து வாங்க வேண்டும், நகலும் தர வேண்டும். வேண்டுமென்றே செய்யாத அதிகாரி பட்டியல் சாதி, பழங்குடியினர் அல்லாதவராக இருந்தால் அதுவே அவர்மீது குற்றம். விசாரணை செய்ய வேண்டியவர் காவல் துணைக் கண்காணிப்பாளர், குற்றப்பத்திரிகைக்கு 60 நாள். நிலையத்தில் மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள், அங்கும் நகரவில்லை என்றால் நீதிமன்றம். 14566 என்ற வன்கொடுமைத் தடுப்பு உதவி எண்ணில் பதிந்து, புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

புகார் பலவீனமாவது பெரும்பாலும் புகார் எழுதும்போதே. "தகாத வார்த்தைகளால் திட்டினார்" என்று நாகரிகமாக எழுதினால் வழக்கு அங்கேயே செத்தது. சொன்ன சொல்லை, எவ்வளவு கூசினாலும், சொன்னபடியே எழுத வேண்டும். யார் யார் கேட்டார்கள், அது எந்த இடம் என்பதும் வேண்டும். நாலு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாமல் பேசியது 'பொதுப் பார்வை' ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் சொன்னதை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கட்டாயம் எடுப்பார். ஊராட்சி அலுவலகக் கூட்டம், மனு கொடுக்க வந்தவர்கள் நின்றார்கள் என்றால் அதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். கடைசியாக, அந்த நேரத்தில் என்ன கடமையைச் செய்துகொண்டிருந்தீர்கள், எது நின்றுபோனது என்று ஒரு வரி வேண்டும். அந்த வரி இல்லாததால்தான் 3(1)(எம்) பல அறிக்கைகளில் காணாமல் போகிறது. மறுநாளே எதிர்ப்புகாரும் வரும், அதற்கும் தயாராக இருங்கள்.

இதே சட்டத்தின் பிரிவு 15ஏ-ஐ யாரும் சொல்லித் தருவதில்லை. ஜாமீன் மனு உட்பட நீதிமன்ற நடவடிக்கைகள் பற்றி உங்களுக்கு முன்னறிவிப்பு வர வேண்டும், உங்கள் தரப்பையும் கேட்க வேண்டும். வராமல் ஜாமீன் கொடுத்துவிட்டால் அதையே காட்டி எதிர்க்கலாம்.

தலைவர் வேறு சமூகத்தவர் என்றால் பாதை மாறும். கடமையைத் தடுக்கக் கை வைத்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 132. வெறும் இடையூறுக்குப் பிரிவு 221 இருக்கிறது, ஆனால் அந்தப் பொது ஊழியரோ அவருக்கு மேலதிகாரியோ எழுத்தில் முறையிடாமல் நீதிமன்றம் அதை ஏற்காது. பெண்ணின் கண்ணியத்தைக் குறிவைத்த பேச்சுக்குப் பிரிவு 79.

ஒலிப்பதிவு, வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அது வந்த செல்பேசியை அப்படியே வைத்திருங்கள். வேறு போனுக்கு அனுப்பிவிட்டு மூலத்தை அழிப்பது அடிக்கடி நடக்கும் தவறு. திரைப்பிடிப்பு மட்டும் போதாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63(4)-இன் சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியை நீங்களும் இன்னொன்றை நிபுணரும் நிரப்ப வேண்டும். கூட்டத்தில் நடந்ததைத் தீர்மானப் பதிவேட்டில் அன்றே பதியுங்கள். உறுப்பினர்கள் கையெழுத்திட மறுத்தால் 'மறுத்தனர்' என்பதையும் பதிந்து, மறுநாளே வட்டார அலுவலகத்தில் நகல் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

மிரட்டலை 'ஊர்ப் பேச்சு' என்று தள்ளக் கூடாது. மதுரை மாவட்டம் மேலவளவில் பட்டியல் சாதி ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐவரும் 1997 ஜூன் 30 அன்று கொல்லப்படுவதற்கு முன் மிரட்டல்கள் எல்லாருக்கும் தெரிந்தே இருந்தன. தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை ஒழுங்கான தேர்தலே நடக்கவில்லை. 2022 ஆகஸ்டில்கூட, பட்டியல் சாதித் தலைவர்கள் தடையின்றிக் கொடியேற்றுவதை உறுதிசெய்யச் சொல்லித் தலைமைச் செயலர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கொடியேற்றும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே ஆட்சியருக்கும் காவல் துறைக்கும் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது, 15-ஆம் தேதி காலையில் போன் அடித்துப் பயனில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கான, ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும், உங்கள் வழக்கை அதன் பொருள்நிரலில் சேர்க்கக் கேளுங்கள்.

சம்பளத்துக்கு வருகிறேன். ஊராட்சி செயலருக்குக் காலமுறை ஊதியம் உண்டு, அவர் கதை வேறு. அல்லாடுவது டேங்க் ஆபரேட்டர், தூய்மைப் பணியாளர், வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் தூய்மைக் காவலர் மூவரும்தான். தூய்மைக் காவலரின் மாத ஊதியம் 2023-இல் 3,600-இலிருந்து 5,000 ரூபாய் ஆனது. 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 192 ரூபாய். அதே ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி 294 ரூபாய்.

உள்ளாட்சி வேலை பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் (1948) அட்டவணையில் இருந்த வேலை. அதற்கான ஊதியத்தைத் தொழிலாளர் துறை 11.10.2017 தேதியிட்ட அரசாணை (2டி) எண் 62-இல் நிர்ணயித்தது. அடிப்படைக்கு மேல் அகவிலைப்படி ஒவ்வோர் ஏப்ரல் 1-ஆம் தேதியும் மாறும். சிக்கல் எங்கே என்றால், ஊரக வளர்ச்சித் துறை ஒதுக்கும் தொகை இதைவிடக் குறைவு. கூடுதலாகக் கொடுத்தால் தணிக்கை மறுப்பு, கொடுக்காவிட்டால் சட்டமீறல். நடுவில் மாட்டுவது மாதம் 2,000 ரூபாய் மதிப்பூதியம் வாங்கும் தலைவர். நிதி இல்லை என்பது குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கொடுக்கக் காரணமாகாது என்பதில் உச்ச நீதிமன்றம் 1961-இன் உனிச்சோயி வழக்கிலேயே தெளிவு. 1983-இன் சஞ்சித் ராய் வழக்கில் அதைக் கட்டாய உழைப்பு என்றே சொன்னது. 'காலையில் நாலு மணி நேரம்தானே' என்ற வாதமும் எளிதில் நிற்காது. நாள்கூலி நிர்ணயித்த வேலையில், பணியாளர் தானாக மறுக்காதவரை, நேரம் குறைந்ததற்காக நாள் ஊதியத்தைக் குறைக்க முடியாது. அதனால் வருகைப் பதிவேட்டில் வந்த நேரமும் போன நேரமும் எழுதப்பட வேண்டும்.

பணியாளர் முதலில் திரட்ட வேண்டியவை: நியமனத் தீர்மானத்தின் எண்ணும் தேதியும், வருகைப் பதிவேட்டு நகல், வங்கிக் கணக்குப் புத்தகம். பிறகு மாதவாரியாக ஒரு தாள்: வேலை செய்த நாள், அந்த ஆண்டுக்கு உரிய அடிப்படையும் அகவிலைப்படியும், வந்த தொகை, பாக்கி. மூன்று தொட்டி இயக்கியவர் மூன்றின் பெயரையும் எழுத வேண்டும், ஒன்றுக்கு மட்டும் தீர்மானம் போட்டு மற்றவற்றை வாய்மொழியாகச் சுமத்துவது சாதாரணம். இந்தத் தாளோடு மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையரிடம் (அமலாக்கம்) மனு கொடுங்கள். பழைய சட்டத்தில் உரிமை கோர 6 மாதமே இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில் அது 3 ஆண்டு. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும். மனுவில் தலைவரை மட்டும் எதிர்மனுதாரர் ஆக்காதீர்கள், வட்டார வளர்ச்சி அலுவலரையும் உதவி இயக்குநரையும் சேருங்கள். நிதி அவர்கள் வழியாகத்தான் வருகிறது.

தலைவர் தன் பங்குக்குச் செய்யக்கூடியது, அரசாணை 62-இன்படி ஊதியம் தர ஒதுக்கீடு கேட்டுத் தீர்மானம் போட்டு, மே 1 கிராம சபையில் சம்பளப் பட்டியலையும் பாக்கியையும் வாசிப்பது. யாருடைய கையெழுத்துக்காகக் காசோலை எத்தனை நாள் காத்திருந்தது என்பதையும் அப்போதே வாசித்துவிடலாம்.

தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, அரசு நியமிக்கும் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலத்தில் (27 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்தது) இரட்டைக் கையெழுத்துத் தகராறு என்ற சாக்கே கிடையாது. அப்போது சம்பளம் தாமதமானால் மனு நேராக உதவி இயக்குநருக்கும் ஆட்சியருக்கும் போகட்டும்.