பாலாலயம் இல்லாத திருப்பணி

வணக்கம் ஐயா,

நான் ரோஸ் ஹில்லில் ஒரு தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். கோவில்களைப் பற்றியும் நம் முன்னோர் வந்த கப்பல்களைப் பற்றியும் நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். என் கேள்வி அவற்றோடு சேராதது. ஆனால் சிறுவயதில் பிரெஞ்சுப் படக்கதைகளில் மூழ்கிக் கிடந்ததாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அந்தத் துணிச்சலில் கேட்கிறேன்.

என் தம்பிக்கு நாற்பது தாண்டிவிட்டது. பள்ளி நாட்களிலிருந்தே ஃப்ளாஷ், பேட்மேன் என்று ஆங்கிலக் காமிக்ஸ் சேர்த்து வந்தவன். 2011-இல் அவற்றை வெளியிடும் டிசி நிறுவனம் எல்லாக் கதைகளையும் ஒன்றாம் இதழிலிருந்து தொடங்கியபோது இரண்டு பெட்டிகளைக் கட்டிப் பரணில் ஏற்றினான். அதன்பின் தொடவே இல்லை. என் மகனுக்குப் பதினைந்து வயது. அவன் இப்போது பேட்மேனைப் பணக்காரனாகக் காட்டாத 'அப்சல்யூட் பேட்மேன்' என்ற புதுத் தொடரின் மீது உயிராக இருக்கிறான். காவடி விரத நாட்களில் ஒரு மாலை, சாப்பிட உட்கார்ந்த இடத்தில் இருவருக்கும் மூண்டுவிட்டது. "பணம் இல்லாதவன் பேட்மேனே இல்லை" என்றான் தம்பி. "உங்கள் ஆட்களை அந்தக் கம்பெனியே அழித்துவிட்டதே மாமா, இன்னும் யாருக்காக அழுகிறீர்கள்?" என்றான் மகன். தம்பி எழுந்து போய்விட்டான். ஒவ்வோர் ஆண்டும் மலைக்கோவில் வரை என் மகனின் காவடிக்குப் பக்கத்திலேயே நடப்பவன், இந்த ஆண்டு தள்ளி நடந்தான்.

வளர்ந்த மனிதர் கற்பனைக் கதைக்காக இவ்வளவு கோபப்படுவது ஏன்? இருவரில் யார் பக்கம் நியாயம்?

ம., ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அன்புள்ள ம.,

உங்கள் தம்பி எழுந்து போனது எனக்கு வியப்பாக இல்லை. பையன் சொன்ன சொல் சுட்டிருக்கும். அதில் உண்மை இருந்ததால் கூடுதலாகவே சுட்டிருக்கும்.

நடந்தது இதுதான். 2011 ஆகஸ்ட் 31 அன்று ஜெஃப் ஜான்ஸ் எழுதி ஜிம் லீ வரைந்த 'ஜஸ்டிஸ் லீக்' முதல் இதழ் வந்தது. அடுத்த மாதத்துக்குள் டிசியின் 52 இதழ்களும் எண் ஒன்றிலிருந்து தொடங்கின. 'நியூ 52' என்று பெயர் வைத்தார்கள். எண் மட்டும் மாறியிருந்தால் இவ்வளவு காயம் இருந்திருக்காது. அந்த உலகத்தில் நாயகர்கள் தோன்றியே ஐந்தாண்டுகள்தான் ஆகின்றன என்று முடிவு செய்தார்கள். 1996-இல் நடந்த சூப்பர்மேன், லோயிஸ் லேன் திருமணம் நடக்காததாகிவிட்டது. பேட்மேனிடம் அடுத்தடுத்து ராபின் என்ற பெயரில் துணையாக வந்த நான்கு சிறுவர்களை அந்த ஐந்தாண்டுகளுக்குள் எப்படி அடக்குவது என்று வாசகர்கள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்கள். கணக்கு உதைத்தது.

முதலில் பேட்கேர்ல் என்ற நாயகியாக இருந்த பார்பரா கார்டனை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. 1988-இல் ஒரு கதையில் பேட்மேனின் எதிரியான ஜோக்கர் அவளைச் சுட்டு முடமாக்கினான். ஒரு பெண் பாத்திரத்தை அப்படி நடத்தியதே கொடுமை. ஆனால் அடுத்த ஆண்டே கிம் யேல், ஜான் ஆஸ்ட்ரண்டர் என்ற தம்பதியர் அவளை ஆரக்கிள் என்ற பெயரில் மீட்டெடுத்தார்கள். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி, கணினியும் கூர்மையான மூளையும் கொண்டு, மொத்த நாயகர் கூட்டத்துக்கும் வழிகாட்டினாள். சக்கர நாற்காலியில் வாழும் வாசகர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் அவளைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே நினைத்தார்கள். 2011-இல் அவள் எழுந்து நடந்தாள், மறுபடியும் பேட்கேர்ல் ஆனாள். புதியவர்களுக்கு அது நல்ல செய்தி. நாற்காலியில் இருந்தவர்களோ தங்களை மட்டும் விட்டுவிட்டு அவள் போய்விட்டாள் என்று எழுதினார்கள். அந்தச் சொற்களைக் கற்பனைக் கதைக்காக வந்த கோபம் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

நிறுவனத்தின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். விற்பனை சரிந்துகொண்டிருந்தது. மறுதொடக்கத்துக்குப் பின் அது உண்மையாகவே ஏறியது. எழுபது ஆண்டுக் கதையைத் தெரிந்துகொண்டுதான் உள்ளே வரவேண்டும் என்றால் பதினைந்து வயதுப் பிள்ளை வாசலிலேயே திரும்பிவிடுவான். இன்னொன்றையும் நம் தீவுக்காரர்கள் மறக்கக் கூடாது: அச்சு இதழ் கடைக்கு வரும் அதே நாளில் எல்லா இதழ்களையும் கணினியிலும் வெளியிடத் தொடங்கினார்கள். கப்பலில் வரும் பொதிக்காகக் காத்திருந்த நமக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அப்படியானால் பிழை எங்கே? நம் கோவில் திருப்பணியை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு. அதற்கு முன் விமானத்தில் சாரம் கட்டுகிறோம், பழைய சுதையை உதிர்க்கிறோம், தமிழ்நாட்டிலிருந்து சிற்பிகளை வரவழைத்துப் புது வண்ணம் தீட்டுகிறோம். சில கோவில்களில் பழைய கட்டடத்தை அடியோடு எடுத்துவிட்டே கட்டுகிறார்கள். யாரும் அழுவதில்லை. ஏனென்றால் உளி படும் முன் பாலாலயம் செய்கிறோம். மூலவரின் சக்தியைக் கும்பத்தில் இறக்கி, பக்கத்தில் ஒரு சின்ன இடத்தில் வைக்கிறோம். வேலை எத்தனை மாதம் நடந்தாலும் அங்கே தினமும் விளக்கு எரிகிறது, பூசை நடக்கிறது. வருகிறவருக்குக் கும்பிட ஓர் இடம் இருக்கிறது. 2011-இல் பாலாலயம் இல்லாமல் இடித்தார்கள். அதோடு நிற்காமல், இங்கே முன்பு கோவிலே இருந்ததில்லை என்றார்கள்.

ஃப்ளாஷ் என்பது மின்னல் வேகத்தில் ஓடும் நாயகனின் பட்டம், ஒருவர் பின் ஒருவராக அதை ஏற்றிருக்கிறார்கள். உங்கள் தம்பியின் ஃப்ளாஷ் யார் என்று நீங்கள் எழுதவில்லை. அவருடைய வயதை வைத்துப் பார்த்தால் வாலி வெஸ்டாகத்தான் இருக்க வேண்டும். அந்த வாலியே ஒரு மறுதொடக்கத்தில் கிடைத்தவன். 1985-இல் மார்வ் வுல்ஃப்மேனும் ஜார்ஜ் பெரெஸும் டிசியின் பல உலகங்களை ஒன்றாக்கிய பன்னிரண்டு இதழ்க் கதையில், அதுவரை ஃப்ளாஷாக இருந்த பேரி ஆலன் உலகத்தைக் காப்பாற்றி இறந்துபோனான். அவனுடைய சிவப்பு உடையை வாலி போட்டுக்கொண்டான். பேரியின் சாவு கண்ணெதிரே நடந்தது. அதற்குப் பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாலி அவனை நினைத்துக்கொண்டே ஓடினான். அந்த மாற்றத்தை வாசகர்கள் தாங்கிக்கொண்டதற்குக் காரணம் அதுதான். 2011-இல் வாலி சாகவில்லை. காணாமல் போனான். யாரும் அவனைத் தேடவில்லை, அவன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. செத்தவனுக்குத் திதி கொடுக்கலாம். பிறக்கவே இல்லை என்று சொல்லப்பட்டவனுக்கு என்ன செய்வது? உங்கள் தம்பி பெட்டியைக் கட்டிப் பரணில் ஏற்றியதைத் தவிர வேறு என்ன செய்திருக்க முடியும்?

இதழ் எண் விஷயத்துக்கும் ஒரு வார்த்தை. 1938-இல் தொடங்கிய 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' 904-ஆம் எண்ணோடு நின்று மறுபடி ஒன்றுக்குப் போனபோது, வெறும் எண்ணுக்கு ஏன் இத்தனை கூச்சல் என்று கேட்டவர்கள் உண்டு. 1998-இல் நம் நாட்டில் புதிய ரூபாய் நோட்டுகள் வந்தன. நோட்டில் மொழிகள் வரும் வரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்த தமிழ் மூன்றாம் இடத்துக்கு இறங்கியிருந்தது. வெறும் வரிசைதானே என்று அப்போதும் சொன்னார்கள். நாம் பேசாமல் இருக்கவில்லை. நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன, பழைய வரிசை வந்தது. ஒரு சமூகத்தின் மானத்தையும் ஒரு படக்கதை இதழின் எண்ணையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆனால் வரிசை என்பது யார் முன்பே இங்கு இருந்தார்கள் என்று சொல்லும் சாட்சி. அதை அழித்தால் வலிக்கும். 2016-இல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' 957 என்ற எண்ணோடு திரும்பியது. இடையில் வந்த 52 இதழ்களையும் கூட்டிய எண் அது. எதையும் தள்ளாத அந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது.

உங்கள் தம்பிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பணம் இல்லாதவன் பேட்மேன் இல்லை என்பது தவறு. 1939 மே மாத இதழில் பேட்மேன் முதலில் வந்தபோது அவனுடைய பெற்றோர் கொலையுண்ட கதையே கிடையாது. அது நவம்பரில்தான் சேர்ந்தது. நாம் வேர் என்று நினைப்பதே பிறகு நட்டது. ஸ்காட் ஸ்னைடரும் நிக் டிராகோட்டாவும் 2024 அக்டோபரில் தொடங்கிய உங்கள் மகனின் பேட்மேனுக்கு மாளிகை இல்லை, தாய் உயிரோடு இருக்கிறாள், தகப்பன் ஒரு பள்ளி ஆசிரியர். நான் அதை விரும்பிப் படிக்கிறேன். முக்கியமானது, பழைய பேட்மேனின் இதழ் நிற்கவில்லை. மாதந்தோறும் வருகிறது. பழைய சந்நிதியில் விளக்கு எரிய, பக்கத்தில் புதுச் சந்நிதி எழுப்பியிருக்கிறார்கள். உங்கள் மகன் யாருக்கும் துரோகம் செய்யவில்லை.

வாசகர் கோபமெல்லாம் புனிதமானது என்றும் நான் நினைக்கவில்லை. 1988-இல் ஜேசன் டாட் என்ற ராபின் சாகலாமா, பிழைக்கலாமா என்று தொலைபேசியில் வாக்குக் கேட்டார்கள். சாகட்டும் என்று 5,343 அழைப்புகள், பிழைக்கட்டும் என்று 5,271. 72 அழைப்புகளில் ஒரு சிறுவனைக் கொன்றார்கள். எழுத்தாளர்களை மிரட்டி எழுதுகிறவர்களும் அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள்தான். அவர்களை நான் மன்னிப்பதில்லை. உங்கள் தம்பி அந்த வகை இல்லை. அவர் யாரையும் வையவில்லை. தன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒதுங்கினார்.

அப்படி ஒதுங்கியதால் அவர் ஒன்றைத் தவறவிட்டிருப்பார். 2016 மே மாதம் 'ரீபர்த்' என்ற தலைப்பில் 80 பக்க இதழ் ஒன்று வந்தது. எழுதியவர் அதே ஜெஃப் ஜான்ஸ். காலத்துக்கு வெளியே சிக்கியிருந்த வாலி வெஸ்ட் திரும்பி வர முயல்கிறான். யாராவது ஒருவர் அவனை நினைவுகூர்ந்தால்தான் அவனால் வர முடியும். ஒவ்வொருவராகத் தேடிப் போகிறான். காதலித்து மணந்த லிண்டாவே அவனை யாரோ போலப் பார்க்கிறாள். உடல் கரையத் தொடங்குகிறது. கடைசியாகப் பேரி ஆலனிடம் போகிறான். (1985-இல் செத்தவனைப் பல ஆண்டுகளுக்குப் பின் உயிர்ப்பித்திருந்தார்கள்.) காப்பாற்று என்றுகூட அவன் கேட்கவில்லை. நன்றி சொல்லி விடைபெறத்தான் போகிறான். அவன் மறையப் போகும் நொடியில் பேரிக்கு அந்தப் பெயர் நினைவுக்கு வருகிறது. கையைப் பிடித்து இழுத்து அணைத்துக்கொள்கிறான். இருவரும் அழுகிறார்கள். நான் அந்தப் பக்கத்தைப் படித்தபோது நானும் அழுதேன். இடித்தவரே வந்து, இங்கே கோவில் இருந்தது என்று ஒப்புக்கொண்டதுபோல் இருந்தது. பிற்பாடு அதே வாலியை வேறொரு கதையில் படுத்தி எடுத்தார்கள், அது தனி வேதனை.

பேரியின் மனைவி ஐரிஸ், வாலிக்கு அத்தை. நம் முறையில் பேரி அவனுக்கு மாமா.

அந்த இதழ் என்னிடம் இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை மாலை குவாத்ர் போர்ன் மலைக்கோவிலுக்கு வருவேன், எடுத்து வருகிறேன். உங்கள் தம்பியிடம் கொடுங்கள். அவர் படித்துவிட்டு மருமகனிடம் தம் கையால் கொடுக்கட்டும். பரணில் உள்ள பெட்டிகளையும் இறக்கச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரத்தில் இத்தனை ஆண்டுகள் கட்டிக்கிடந்த காகிதம் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். ஒரு வெயில் நாளில் நிழலில் விரித்து, பக்கம் பக்கமாகப் பிரிக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும்.