சைட்பாட்டம் குடும்பத்தின் பள்ளத்தாக்கு

கேள்வி: இங்கிலாந்து பந்துவீச்சாளர் ரயான் சைட்பாட்டம் ஆடிய பழைய மேட்ச்களைப் போட்டால், அவர் பெயரைக் கேட்டதுமே வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். இப்படியும் குடும்பப் பெயர் வைப்பார்களா? அதற்கு என்னதான் அர்த்தம்?

பதில்: ‘அகன்ற பள்ளத்தாக்கு’ என்று அர்த்தம். எனக்கு மிகவும் பிடித்த ஆங்கிலக் குடும்பப் பெயர்களில் இதுவும் ஒன்று. சிரிக்க இதில் ஒன்றுமே இல்லை.

பழைய ஆங்கிலத்தில் ‘சீத்’ என்றால் அகன்றது, ‘பொத்ம்’ என்றால் பள்ளத்தாக்கின் அடிநிலம். உங்கள் வீட்டில் சிரிப்பை வரவழைக்கும் அந்த இன்னொரு பொருள், அதாவது பிட்டம், ‘பாட்டம்’ என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். குடும்பப் பெயர் அதற்குப் பல தலைமுறை மூத்தது.

இங்கிலாந்தில் 1066இல் பிரான்சிலிருந்து நார்மானியர் படையெடுத்து வந்த பிறகு பிரபுக்கள் முதலில் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அப்புறம் மெல்ல மெல்லச் சாதாரண ஜனங்களுக்கும் அது வந்தது. ஒரே ஊரில் பத்து ஜான்கள் இருந்தால் வரி வசூலிக்கிறவர் என்ன செய்வார்? தொழிலைச் சேர்த்து எழுதுவார், அப்பா பெயரைச் சேர்ப்பார், இல்லாவிட்டால் குடியிருக்கும் இடத்தைச் சேர்ப்பார். வட இங்கிலாந்தின் பென்னைன் மலைத்தொடரின் இரு பக்கமும், அதாவது செஷயர், லங்காஷயர், யார்க்‌ஷயர் வட்டாரத்தில், எங்கு பார்த்தாலும் பள்ளத்தாக்குதான். அதனால் எந்தப் பள்ளத்தாக்கு என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. நீளமானது லாங்பாட்டம். ஆடுகளைக் குளிப்பாட்டும் ஓடை இருந்தது ஷஃபில்பாட்டம். மான்செஸ்டருக்கு வடக்கே இன்றும் ராம்ஸ்பாட்டம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. காட்டுப்பூண்டு மண்டிய பள்ளத்தாக்கு என்பார்கள், கிடாய் ஆடுகளின் பள்ளத்தாக்கு என்பாரும் உண்டு. எனக்கென்னவோ பூண்டு வாசனைதான் பிடித்திருக்கிறது!

தங்கள் நிலத்தை இவ்வளவு உற்றுப் பார்த்துப் பெயர் வைத்த விவசாயிகளை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மரியாதை வருகிறது. ரயான் பிறந்த ஹடர்ஸ்ஃபீல்டும், அவருடைய அப்பா ஆர்னி பிறந்த பார்ன்ஸ்லியும் அதே பென்னைன் மலையடிவாரத்து ஊர்கள்தான். அப்பாவும் பையனும் இங்கிலாந்துக்கு டெஸ்ட் ஆடியவர்கள். 2008இல் ஹாமில்டனில் நியூசிலாந்துக்கு எதிராக ரயான் ஹாட்ரிக் எடுத்தார். அடுத்த முறை பெயரைக் கேட்டு யாராவது சிரித்தால் அந்த ஹாட்ரிக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: அப்படியானால் சைட்போத்தம் என்று எழுதுகிறவர்கள் வேறு குடும்பமா?

பதில்: பெயர் ஒன்றுதான், எழுத்துதான் வேறு. 1538இல் எட்டாம் ஹென்றி மன்னரின் முதன்மை அமைச்சர் தாமஸ் குரோம்வெல் போட்ட உத்தரவுப்படி, ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு தேவாலயமும் பதிவேட்டில் எழுத வேண்டியிருந்தது. எழுதியவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே எழுதினார். பல ஊர்களில் ‘பொத்ம்’ என்பதைப் ‘போத்தம்’ என்றே உச்சரித்தார்கள்.

ஆமாம், 383 டெஸ்ட் விக்கெட் எடுத்த இயன் போத்தமின் பெயரும் இதே பள்ளத்தாக்குதான். அவர் பிறந்ததும் செஷயரில்தான்.