கிளாஸுக்குள் மார்கழி
வீட்டில் மார்டினி (ஜினும் வெர்மூத்தும் சேர்ந்த காக்டெய்ல்) கலப்பது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்.

கே: ஜின் 60 மில்லி, டிரை வெர்மூத் (இனிப்பு குறைந்த மூலிகை ஒயின்) 10 மில்லி. அளந்துதான் ஊற்றுகிறேன். ஆனாலும் பாதி குடிப்பதற்குள் சப்பென்று ஆகிவிடுகிறது. ஜின் மட்டமா? (அண்ணா நகர் வாசகர், மதுரை)

ப: ஜின்மேல் பழி போடாதீர்கள். சர்வதேச பார்டெண்டர் சங்கம் சொல்வதும் இதே அளவுதான். தப்பு ஐஸில். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் டிரேயைத் தட்டிக் கிண்ணத்தில் போட்டு மேசைக்குக் கொண்டுவருவதற்குள் ஐஸ்மேல் தண்ணீர் கசிந்து மினுமினுக்கும். அந்தத் தண்ணீர் ஜினைக் குளிர வைக்காது, நீர்க்க மட்டும் வைக்கும். நல்ல ஐஸ் வெள்ளையாகப் பூத்திருக்கும், தொட்டால் விரலில் ஒட்டும். வழுக்கினால் அதை எலுமிச்சை ஜூஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிளாஸை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். ஜின் பாட்டில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இருந்தால் போதும். அதையும் ஃப்ரீசரில் வைத்தால் உறையாதுதான், ஆனால் கலக்கும்போது ஐஸ் போதிய அளவு கரையாமல் தொண்டையைச் சுடும். கொஞ்சம் தண்ணீர் இறங்கினால்தான் மார்டினி. உயரமான டம்ளரில் முக்கால்வாசி ஐஸ் நிரப்பி, ஜினும் வெர்மூத்தும் ஊற்றி, நீளக் கரண்டியால் 30 விநாடி சுற்றி, வடிகட்டுங்கள். ஒருமுறை வடித்ததை அளந்து பாருங்கள். 70 மில்லி ஊற்றியது 85 முதல் 90 மில்லி வந்தால் கச்சிதம். 100-ஐத் தாண்டினால் ஐஸ் ஈரம், இல்லாவிட்டால் நீங்கள் அதிக நேரம் சுற்றியிருக்கிறீர்கள்.

ஐஸுக்கு உப்பு ஏறிய போர் தண்ணீர் வேண்டாம். டிரேக்கு மூடியும் அவசியம். பக்கத்தில் மீன் பொட்டலம் இருந்தால் அந்த வாடை அப்படியே ஐஸில் ஏறும். மார்டினியில் அதை மறைக்க எதுவும் இல்லை. கிளாஸ் 120 முதல் 150 மில்லி பிடித்தால் போதும். பெரிய கிளாஸில் கடைசி வாய் வெதுவெதுப்பாகத்தான் வரும்.

கே: சினிமாவில் குலுக்கித்தானே கொடுக்கிறார்கள்? (திருமங்கலம் வாசகர்)

ப: குலுக்கினால் ஐஸ் உடைந்து பொடியாகும், சரக்கு கலங்கலாகும், தண்ணீரும் கூடும். ஜினும் வெர்மூத்தும் மட்டும் என்றால் சுற்றுவதே அழகு. பழச்சாறு, காபி சேர்ந்தால் குலுக்க வேண்டும்.

கே: துபாயிலிருந்து மச்சான் 'மார்டினி' என்று எழுதிய சிவப்பு பாட்டில் கொண்டுவந்தார். கிளாஸில் ஊற்றினால் இனிப்பு மருந்துபோல் இருக்கிறது. (மேலூர் வாசகர்)

ப: அது இத்தாலியின் மார்டினி கம்பெனி தயாரிக்கும் வெர்மூத். மூலிகை ஊறிய, சாராயம் சேர்த்த ஒயின். பெயர்தான் ஒன்று, காக்டெய்ல் வேறு. டிரை மார்டினிக்கு அதே கம்பெனியின் 'எக்ஸ்ட்ரா டிரை' வேண்டும். உங்கள் சிவப்பு பாட்டிலை வீணாக்காதீர்கள். ஐஸ், சோடா, ஒரு துண்டு ஆரஞ்சு போட்டால் சாயங்காலத்துக்கு அருமையாக இருக்கும். எந்த வெர்மூத்தும் ஒயின்தான். திறந்தபின் அலமாரியில் வைத்தால் புளித்துப்போகும். ஃப்ரிட்ஜில் வைத்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

கே: இங்கே ஆலிவ் கிடைக்கவில்லை. மாவடு போடலாமா? (உசிலம்பட்டி வாசகி)

ப: நல்ல யோசனை, ஆனால் வீட்டு மாவடுவில் விளக்கெண்ணெயும் கடுகும் மிளகாய்த்தூளும் இருக்கும். எண்ணெய் மேலே படலமாக மிதந்து ஜின் வாசனையை அமுக்கிவிடும். எண்ணெயில் ஊறிய ஆலிவை ஒதுக்கச் சொல்வதும் இதனால்தான். உப்புநீரில் இருப்பதையே வாங்க வேண்டும்.

உங்கள் கையிலேயே அதைவிட நல்லது இருக்கிறது: சின்ன வெங்காயம். வினிகரில் ஊறிய வெங்காயம் போட்ட மார்டினிக்கு கிப்சன் என்று தனிப் பெயரே உண்டு. 20 வெங்காயம் உரியுங்கள். அடிவேரை ஒட்ட வெட்டினால் இதழ் இதழாகப் பிரிந்துவிடும், நுனியை மட்டும் சீவுங்கள். வெள்ளை வினிகர் 150 மில்லி, தண்ணீர் 50 மில்லி, உப்பும் சர்க்கரையும் ஒவ்வொரு டீஸ்பூன், மிளகு ஆறு. கொதித்ததும் சூடாக ஊற்றி, ஆறியபின் மூடி, இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். இளஞ்சிவப்பாக மாறும், அது வெங்காயத்தோலின் சாயம். வினிகர் சொட்டாமல் வடித்துவிட்டு, கிளாஸுக்கு இரண்டு.

எலுமிச்சைத் தோலும் போடலாம். நம் பழத்துக்குத் தோல் மெல்லிது, அதனால் பீலரால் 4 செ.மீ. நீளம் மேலாகச் சீவுங்கள். வெள்ளைப்பகுதி வந்தால் கசக்கும். கிளாஸுக்கு நேர் மேலே, வெளித்தோல் கீழே பார்க்கப் பிடித்துக் கிள்ளினால் எண்ணெய் பொடிப்பொடியாகத் தெறித்து மேலே மிதக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். அது தெரியாவிட்டால் வாசனையும் இல்லை.

கே: மட்டன் சுக்கா சைடு டிஷ்ஷாகச் சரிவருமா? (எல்லீஸ் நகர் வாசகர்)

ப: சுக்கா எனக்கும் உயிர், ஆனால் மார்டினியோடு வேண்டாம். மிளகாய் எரிச்சலைத் தூண்டும் அதே நரம்பைச் சாராயமும் தூண்டும். இரண்டும் சேர்ந்தால் வாயில் எரிச்சல் மட்டும்தான் மிஞ்சும். உப்பும் கொழுப்பும்தான் இதற்குத் துணை. நெய்யில் வறுத்த முந்திரி, உப்புக்கடலை, காரம் குறைத்த நெத்திலி வறுவல், காடை முட்டை. முட்டையைக் கொதிநீரில் 4 நிமிடம் வேகவிட்டு, குளிர்நீரில் போட்டு உரித்து, உப்பும் பொடித்த மிளகும் தூவுங்கள். சுக்காவும் கறிதோசையும் கிளாஸ் காலியான பிறகு.

கே: ஒரே ஒரு மார்டினி குடித்துவிட்டு வண்டி ஓட்டலாமா? (திருப்பரங்குன்றம் வாசகர்)

ப: கூடாது. நம் ஊர் ஜின் 42.8 சதவீதம். 60 மில்லியில் சுத்தச் சாராயம் மட்டும் சுமார் 20 கிராம். 70 கிலோ எடையுள்ளவருக்கே 100 மில்லி ரத்தத்தில் சுமார் 40 மில்லிகிராம் வரும். சட்டம் அனுமதிப்பது 30. முதல்முறை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆட்டோ பிடியுங்கள்.

கே: எஸ்பிரெஸோ மெஷின் இல்லை. ஃபில்டர் டிகாக்‌ஷனில் காபி மார்டினி வருமா? (கே.கே. நகர் வாசகி)

ப: வரும். சிக்கரி கலக்காத பொடியில் முதல் டிகாக்‌ஷன் 30 மில்லி எடுத்து நன்றாக ஆறவிடுங்கள். சூடாக ஊற்றினால் ஐஸ் கரைந்து எல்லாம் நீர்த்துவிடும். வோட்கா 50 மில்லி, காபி லிக்கர் (காபி சேர்ந்த இனிப்பு மது) 30 மில்லி, சர்க்கரைப் பாகு 10 மில்லி. லிக்கர் இல்லையென்றால் பாகை 20 ஆக்குங்கள். டிகாக்‌ஷன் அழுத்தத்தில் இறங்குவதில்லை, அதனால் நுரை தானாக வராது. எல்லாவற்றையும் ஐஸோடு ஷேக்கரில் (மூடி போட்டுக் குலுக்கும் குவளை) ஊற்றி, அதன் வெளிப்பக்கம் பனி பூத்துக் கை விறைக்கும்வரை, 20 விநாடி பலமாகக் குலுக்கி, அடுத்த கணமே வடித்துவிடுங்கள். தாமதித்தால் நுரை ஷேக்கரிலேயே தங்கிவிடும்.