டிஸ்க்கா, டவுன்லோடா? காசு கொடுத்த கேம் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: மகன் ஒன்பதாம் கிரேடில் படிக்கிறான். தீபாவளிக்கு பிளேஸ்டேஷன் 5 வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டோம். டிஸ்க் போட வழியில்லாத மாடல் விலை குறைவு. என் அண்ணன் அது வேண்டாம் என்கிறார். பழைய டிஸ்க் வாங்கினால் கேம் செய்தவர்கள் வயிற்றில் அடிப்பதாகாதா? கிராக் செய்த (காசு கட்டாமல் ஓடும்படி பூட்டை உடைத்த) கேம் ஒன்றைப் பள்ளித் தோழன் பென் டிரைவில் கொடுத்திருக்கிறான், லேப்டாப்பில் போட விடலாமா? மூத்தவள் அடுத்த வருடம் ஜோகன்னஸ்பர்க் போய்ப் படிக்கப் போகிறாள், அவளுக்கும் விளையாட்டுப் பித்து உண்டு.
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அண்ணன் பேச்சைக் கேளுங்கள். ஆன்லைன் கடையில் 'வாங்கு' பட்டனை அழுத்தினால் கேம் உங்களுக்குச் சொந்தமாகிவிடாது. விளையாடும் அனுமதிதான் கிடைக்கிறது. அதை விற்கவும் முடியாது, அக்காவுக்குத் தூக்கிக் கொடுக்கவும் முடியாது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது: விற்பது உரிமம் மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று போடக் கூடாது. ஸ்டீம் என்ற கம்ப்யூட்டர் கேம் ஆன்லைன் கடை அதற்குச் சில மாதம் முன்பே பணம் கட்டும் பக்கத்தில் அந்த வரியைச் சேர்த்துவிட்டது. வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அதைப் படிக்கிறார்களோ!

ஆனால் டிஸ்க் கையில் இருந்தாலே போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். யுபிசாஃப்ட் கம்பெனி 2014இல் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமுக்கு 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். தனியாக ஓட்டுவதற்கும் அந்த சர்வர் வேண்டும் என்பதால் டிஸ்க் வைத்திருந்தவர்களும் கைவிடப்பட்டார்கள். 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கம் கிளம்பியதே இதனால்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் மனுவில் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. ஆகவே கேம் உறையில் இணையம் கட்டாயம் என்று போட்டிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். போட்டிருந்தால், கம்பெனி நினைக்கும் நாள் வரைதான் அந்த கேம். நண்பர்களோடு ஆட இலவச கேம்கள் இருக்கும்போது இதற்கு முழு விலை கொடுக்க நான் சொல்ல மாட்டேன். நின்டெண்டோ ஸ்விட்ச் 2 பக்கம் மனம் போனால் இன்னொரு எச்சரிக்கை: 'கேம் கீ கார்டு' என்று போட்டிருந்தால் அந்தக் கார்டுக்குள் கேமே இருக்காது, டவுன்லோட் செய்தாக வேண்டும், அப்புறமும் கார்டைச் செருகினால்தான் ஓடும்.

பழைய டிஸ்க் வாங்குவதில் குற்ற உணர்ச்சியே வேண்டாம். முதல் முறை விற்றபோதே செய்தவர்களுக்கு அவர்கள் பங்கு போய்ச் சேர்ந்துவிட்டது. பழையதை விற்றுக் கிடைக்கும் காசில்தான் பல பையன்கள் அடுத்த புதிய கேமை வாங்குகிறார்கள்.

பென் டிரைவ் விஷயம் வேறு. இன்றும் விற்பனையில் இருக்கும் கேமைக் காசு கொடுக்காமல் எடுப்பது திருட்டுக்குச் சமம். கூடவே என்ன வைரஸ் வருகிறதென்று யாருக்கும் தெரியாது, அதே லேப்டாப்பில்தானே நீங்கள் பேங்க் வேலையும் பார்ப்பீர்கள்? விலைதான் தடை என்றால் ஜிஓஜி (GOG) என்ற ஆன்லைன் கடையைக் காட்டுங்கள். அங்கே வாங்கும் கேமின் இன்ஸ்டாலரை ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்துக்கொள்ளலாம், பூட்டு கிடையாது. தள்ளுபடியும் அடிக்கடி வரும். கேப்டவுனில் இருக்கும் ஃப்ரீ லைவ்ஸ் குழுவின் 'ப்ரோஃபோர்ஸ்' என்ற கேம் அங்கே கிடைக்கிறது. கொடுக்கிற ராண்டில் ஒரு பங்கு நம் ஊர்க்காரர்களுக்கே போவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

மகளுக்கும் மகனுக்கும் ஒரே அக்கவுண்ட் வேண்டவே வேண்டாம். பெரியவள் புறப்படும்போது டிஸ்க்குகளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துவிடலாம். அக்கவுண்டைப் பிரிக்க முடியாது. தனித்தனியாகத் திறந்து, டவுன்லோட் கேம்கள் எந்த அக்கவுண்டில் இருக்கின்றனவோ அதில் 'கன்சோல் ஷேரிங்' என்ற செட்டிங்கை வீட்டு பிஎஸ்5இல் போட்டு வையுங்கள். அப்போது அந்தப் பெட்டியில் எல்லோரும் அவற்றை விளையாடலாம், ஃபைபர் இணையம் அறுந்த நாளிலும். ஓர் அக்கவுண்டுக்கு ஒரு பிஎஸ்5இல்தான் இது செல்லும். பிஎஸ்5இல் தனியாக வாங்கி மாட்டும் டிஸ்க் டிரைவ் என்றால், அதை இணைக்க முதல் தடவை மட்டும் இணையம் வேண்டும்.

பணம் திரும்பக் கேட்கும் வழியும் தெரிந்திருக்கட்டும். பிளேஸ்டேஷன் கடையில் 14 நாள் அவகாசம் உண்டு, ஆனால் கேமில் கோளாறு இல்லாதபட்சத்தில் டவுன்லோட் தொடங்கியதுமே அந்த வாய்ப்புப் போயிற்று. ஸ்டீமில் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் கிடைக்கும். நம் தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2008) 'பொருள்' என்ற சொல்லுக்குள் கேமையும், அதைப் பயன்படுத்தும் உரிமத்தையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. கோளாறான பொருளை 6 மாதத்துக்குள் பழுது பார்க்கவோ, மாற்றவோ, பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். வெளிநாட்டுக் கம்பெனியிடம் இதைப் பேசி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும், அதனால் கன்சோலையாவது ஊர்க்கடையில் வாங்கி பில்லைப் பத்திரப்படுத்துங்கள். கடைக்காரர் மசியவில்லை என்றால் நுகர்பொருள் மற்றும் சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் எழுதிக் கொடுக்கலாம். உறவினர்கள் கொடுக்கும் கிப்ட் கார்டுகளுக்கும் இந்தச் சட்டப்படி 3 ஆண்டு ஆயுள் உண்டு. மகன் அவசரப்பட்டுக் கண்டதை வாங்க வேண்டியதில்லை.