கேள்வி – பதில்: அந்தக் குதிரை யாருடையது?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, குதிரையேற்றம் கற்றே தீருவேன் என்று அவள் பிடிவாதம் பிடித்தபோது, மனமில்லாமல்தான் சேர்த்துவிட்டேன். எனக்குக் குதிரை என்றாலே பயம். முதல் ஆறு மாதங்கள் வேலிக்கு வெளியே நாற்காலியைப் போட்டுக்கொண்டு கைப்பேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். பின்பு எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, அவள் வழக்கமாக ஏறும் வயதான பழுப்புப் பெண்குதிரையின் மீது எனக்கும் ஓர் ஒட்டுதல் வந்துவிட்டது. இப்போது மகளுக்குத் தேர்வு நடக்கும் வாரங்களில்கூட நான் மட்டும் லாயத்துக்குப் போய்வருகிறேன். சென்ற மாதம் அந்தக் குதிரை என்னைக் கண்டதும் மெல்லக் கனைத்தது. வீட்டுக்கு வந்து மகிழ்ச்சியோடு மகளிடம் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. “அது என்னோட குதிரை அம்மா” என்றாள். நான் செய்வது தவறா? 46 வயதில் நானும் ஏறக் கற்றுக்கொள்ள ஆசைப்படலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நீங்கள் செய்வதில் தவறு ஏதும் இல்லை; அதே வேளையில் உங்கள் மகளின் முகவாட்டத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 11 வயதுப் பிள்ளை எதைக் கற்றுக்கொண்டாலும், அது கணக்கோ சைக்கிளோ நீச்சலோ, அம்மாவும் அப்பாவும் ஏற்கெனவே நடந்து முடித்த பாதையாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டில் குதிரை ஒன்றுதான் அதற்கு விலக்காக இருந்தது. நீங்கள் வேலிக்கு வெளியே பயந்து உட்கார்ந்திருந்த அந்த ஆறு மாதங்களில், உள்ளே நின்ற உங்கள் மகள் உங்களைவிடத் துணிந்தவளாகவும் உங்களைவிட விவரம் அறிந்தவளாகவும் இருந்தாள். அந்த இடம் கைநழுவிப் போகிறதோ என்ற கவலைதான் “என்னோட குதிரை” என்று வெளிப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆகவே, லாயத்துக்குப் போவதைக் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை, போகும் விதத்தை மாற்றிக்கொண்டால் போதும். தேர்வு வாரங்களில் அவளிடம் கேட்டுக்கொண்டு, அவள் சொல்லியனுப்பும் வேலையைச் செய்வதற்காக மட்டும் போங்கள். திரும்பி வந்ததும் குதிரை எப்படி இருந்தது என்பதை அவளாகக் கேட்கும் வரையில் சொல்லாதீர்கள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். மற்ற நாட்களில் அவளிடமே மாணவியாகச் சேர்ந்துவிடுங்கள். நடிக்கச் சொல்லவில்லை, இரண்டு ஆண்டுகளாகத் தொட்டுப் பழகிய அவளுக்கு இந்த ஒன்றில் உங்களைவிட அதிகம் தெரியும் என்பது உண்மைதானே.

குளம்பைச் சுத்தம் செய்வதிலிருந்து தொடங்கலாம். குதிரையின் தோளருகே, அதன் வாலைப் பார்த்தபடி நின்று, தோளில் வைத்த கையை எடுக்காமல் காலோடு கீழே வழித்துக்கொண்டுபோய், காலின் பின்புறமாக ஓடும் தசைநாணை இலேசாக அழுத்தினால், பழகிய குதிரை தானாகவே காலைத் தூக்கித் தரும். தூக்கிய குளம்பை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, வளைந்த இரும்புக் கொக்கியால் குதிகால் பக்கத்திலிருந்து முன்நுனியை நோக்கி, அடைந்திருக்கும் மண்ணையும் லத்தியையும் கிளறி எடுக்க வேண்டும். மண் உதிர்ந்ததும் நடுவில் முக்கோண வடிவில், ரப்பரைப் போல் அமுங்கும் ஒரு பகுதி தெரியும். அதன்மீது கொக்கியை அழுத்தக் கூடாது. அதன் இரு பக்கத்துப் பள்ளங்களில் கரிய கசிவும் துர்நாற்றமும் இருந்தால் உடனே பயிற்சியாளரிடம் சொல்ல வேண்டும். இந்தக் குளம்பு நம் நகத்தைப் போல மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்ந்துகொண்டே இருப்பதால், 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை லாடக்காரர் வந்து அதைச் சீவிவிடுவார். ஆபத்து என்றால் ஓடித் தப்புவதையே முதல் வழியாகக் கொண்ட ஒரு விலங்கு, ஓடுவதற்கான காலையே நம் உள்ளங்கையில் கொடுத்துவிட்டு நிற்கும்போது நமக்குள் என்ன நேர்கிறது என்பதை நான் விவரிக்கப் போவதில்லை. அதை உங்கள் மகள் பக்கத்தில் நின்று சொல்லித்தர, நீங்களே அறிந்துகொள்ளுங்கள்.

பயம் முழுவதும் போய்விட்டதா என்பதை நீங்கள் எழுதவில்லை. போகவில்லை என்றால் அதை மகளிடம் மறைக்க வேண்டாம். குதிரையிடம் மறைக்கவே முடியாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெர்லின் நகரில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்பவர் வளர்த்த ஹான்ஸ் என்ற குதிரை, கூட்டல் கழித்தல் கணக்குகளுக்குக் குளம்பால் தரையைத் தட்டி விடை சொல்லி ஊரையே வியக்க வைத்தது. 1904இல் கூடிய ஆய்வுக் குழுவால் அதில் எந்தத் தந்திரத்தையும் கண்டுபிடிக்க முடியவில்லை. பின்னர் ஆராய்ந்த ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் 1907இல் உண்மையை வெளியிட்டார்: கேள்வி கேட்டவருக்கே விடை தெரியாதபோதும், அவர் குதிரையின் கண்ணில் படாதபோதும் ஹான்ஸ் தடுமாறியது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்டவரின் தலையில் ஏற்பட்ட, அவரே அறியாத மிகச் சிறிய அசைவைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. கணக்குத் தெரியாத குதிரை என்று அதைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. எனக்கோ, கணக்குத் தெரிந்திருந்தால்கூட இவ்வளவு வியப்பு வந்திருக்காது. அத்தகைய கண்ணுக்கு முன்னால் துணிச்சல்காரராகக் காட்டிக்கொள்வதைவிட, தோள் பக்கமாக மெதுவாக, ஏதாவது பேசிக்கொண்டே நெருங்குவது மேல். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் ஏறத்தாழ 350 பாகைப் பரப்பை அதனால் பார்க்க முடியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும்தான் பார்வை எட்டாது. “குதிரை குணமறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை” என்று பழமொழி சொல்லி என்னைப் பயமுறுத்தியவர்கள் பலர். அதை முதலில் சொன்னவர், சத்தம் காட்டாமல் குதிரையின் பின்னால் போய் நின்றவராகத்தான் இருக்க வேண்டும்.

அந்தக் கனைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாயைத் திறக்காமல், தொண்டைக்குள்ளேயே அதிரும் மெல்லிய கனைப்பு, தாய்க்குதிரை குட்டியை அழைக்கும்போதும் வேண்டியவர் வரும்போதும் எழுப்பும் ஒலி. நீங்கள் மகிழ்ந்ததில் தவறில்லை. ஆனால் தீவன வாளியோடு வருபவரையும் குதிரை அப்படித்தான் வரவேற்கும் என்பதை உங்கள் மகளிடம் சொல்லிச் சிரித்திருந்தால், அன்றைக்கே பாதி வருத்தம் கரைந்திருக்கும்.

நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், இதே தவற்றை உங்களைவிட மோசமாகச் செய்தவன் நான். என் மகனால் குதிரைப் பித்துப் பிடித்து, கையில் கிடைத்த புத்தகங்களையெல்லாம் மூன்றே மாதங்களில் படித்துத் தீர்த்துவிட்டு, வேலிக்கு வெளியே நின்றபடி “குதிகாலை இறக்கு, கடிவாளத்தைத் தளர்த்து” என்று பயிற்சியாளருக்கு முன்பே குரல் கொடுக்கத் தொடங்கினேன். ஒரு நாள் அவன் குதிரையை நிறுத்தி, இறங்கி, வாரை என் கையில் கொடுத்துவிட்டு, “நீங்களே ஏறுங்க அப்பா” என்றான். நான் ஏறவில்லை, எனக்கு ஏறத் தெரியாது. அதன்பின் நான்கு மாதங்கள் அவன் வீட்டில் குதிரையைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு மாலையில், சேணத்தின் வாரை எந்தத் துளையில் மாட்டுவது என்று எனக்கு உண்மையாகவே தெரியாமல் விழித்தபோதுதான், அவனாக அருகில் வந்து காட்டிக்கொடுத்தான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை எளிது. ஜப்பானைச் சேர்ந்த ஹிரோஷி ஹோகெட்சு, 1964 டோக்கியோ ஒலிம்பிக்கிலும், பின்னர் 71 வயதில் 2012 லண்டன் ஒலிம்பிக்கிலும் குதிரையேற்றத்தில் போட்டியிட்டவர். உங்களுக்கு 46 வயதுதான் ஆகிறது. முதுகுவலி, மூட்டுவலி இருந்தால் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தலைக்கவசம் இல்லாமல் ஏறவே ஏறாதீர்கள். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு; வயதான குதிரைக்கு அதுவும் அதிகம். ஆகவே, எந்த வகையில் பார்த்தாலும் அந்தப் பழுப்புக் குதிரையின் மீது நீங்கள் ஏற வேண்டாம். வேறு குதிரையில் கற்றுக்கொள்ளுங்கள். அது எந்தக் குதிரை என்பதைப் பயிற்சியாளரோடு பேசி உங்கள் மகளே முடிவு செய்யட்டும்.

கேள்வி: 13 வயது மகன் சொந்தக் குதிரை வேண்டும் என்கிறான். முதலில் மறுத்தேன், இப்போது எனக்கும் ஆசை வந்துவிட்டது. வாங்கலாமா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)
– ஒரு தந்தை

பதில்: உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் மகன் முதல் பக்கத்தோடு நின்றுவிடுகிறான், மீதி மூன்று பக்கமும் குதிரையின் நிறம், உயரம், பெயர் ஆகியவற்றைப் பற்றி நீங்கள் கண்ட கனவுதான். கனவில் குறை காணவில்லை. நன்றாகப் பராமரித்தால் குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழும். உங்கள் மகன் மேற்படிப்புக்கும் வேலைக்கும் போன பின்பு, அதிகாலையில் எழுந்து தண்ணீர் காட்டப்போவது நீங்கள்தான். உடல் பெரிதாக இருந்தாலும் குதிரையின் வயிறு சிறியது; நாளில் பெரும்பகுதி நேரம் அது எதையாவது மென்றுகொண்டே இருக்க வேண்டும். உண்டது ஒவ்வாமல் போனாலும் அதனால் வாந்தி எடுக்க முடியாது என்பதால், சாதாரண வயிற்றுவலிகூட உயிருக்கு ஆபத்தாக முடியலாம். கூட்டமாக வாழும் விலங்கு ஆதலால், ஒற்றைக் குதிரையைத் தனியே கட்டிவைப்பதும் சரியல்ல.

அவசரப்படாமல், இப்போது பயிற்சி பெறும் லாயத்தில் ஒரு குதிரையின் பராமரிப்பை மட்டும் மூன்று மாதங்களுக்கு இருவரும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மூன்று மாதமும் சேணத்தைத் தொடக் கூடாது. லத்தி அள்ளுவது, தண்ணீர் மாற்றுவது, உடம்பு தேய்த்துவிடுவது இவ்வளவுதான் வேலை. யார் முதலில் சாக்குச் சொல்லத் தொடங்குகிறீர்கள் என்று பார்த்துவிட்டு எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.